ஓய்வு பெற்ற பிறகு பாட்டு கேட்க ஒரு அறை: யாரெல்லாம் அமைத்திருக்கிறீர்கள்?

பொருநைக்கரை, பாளையங்கோட்டை

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக எழுத நினைத்து இன்றுதான் உட்கார்ந்தேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1984-இல் தொலைபேசித் துறையில் சேர்ந்தேன். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். அன்று ஒரே நாளில் நாடு முழுக்க 70,000 பேருக்கு மேல் வெளியே வந்தோம். எனக்கு அப்போது 56 வயது. இரண்டு மாதத்தில் ஊரடங்கும் வந்துவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் "பொழுது எப்படிப் போகுது அண்ணாச்சி" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவே இல்லை. பொழுது போகவேண்டும் என்று நான் 36 வருஷம் வேலை பார்க்கவில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

நான் சேர்ந்தபோது இருந்தது ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச், ஆள் இல்லாமல் இயந்திரமே இணைப்புக் கொடுக்கும் பழைய வகை. ஆள் உயரத்துக்கு மேல் ரேக்குகள் வரிசையாக நிற்கும். ஊரில் ஒருவர் டயலில் 7 சுழற்றினால் இங்கே செலக்டர் ஏழு படி மேலே ஏறும், அப்புறம் பக்கவாட்டில் திரும்பி காலியாக இருக்கும் இணைப்பைத் தேடும். காலை 10 மணிக்கு, கடை திறந்து எல்லோரும் பேச ஆரம்பிக்கும் நேரத்தில், அறை முழுக்கச் சோளம் பொரிவது போல் ஒரே படபடப்பாக இருக்கும். அதற்குள் ஒரே ஒரு செலக்டர் இழுத்துக்கொண்டு ஏறினால் நடந்துபோகும்போதே என் காதுக்குத் தெரிந்துவிடும். போய்த் திறந்து பார்த்தால் எண்ணெய் காய்ந்திருக்கும், அல்லது பட்டை தேய்ந்திருக்கும். சரிசெய்துவிட்டு மறுபடி அந்தப் பக்கம் நடந்தால் சத்தம் ஒழுங்காகியிருக்கும். அந்தச் சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. பிறகு எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது, வேலை சுலபமானது, அறை அமைதியாகிவிட்டது.

ஓய்வுப் பணத்தில் 62,000 ரூபாய் எடுத்து மாடி அறையில் ஒரு செட் அமைத்தேன். வீட்டில் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். பழைய சோனோடைன் ஆம்ப்ளிஃபையர், இரண்டு சின்ன ஸ்பீக்கர், ஒரு கேசட் டெக், சிடி பிளேயர், இசைத்தட்டு சுழற்றும் மேஜை. தொலைபேசியில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரல் வரும், என் வேலை முழுக்க அந்த வட்டத்துக்குள்தான். புது ஸ்பீக்கரில் முதல் நாள் நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தைப் போட்டேன். நம் சேரன்மகாதேவிக்கும் அம்பைக்கும் நடுவில் இருக்கும் அதே காருகுறிச்சி. 1921-இல் பிறந்து 1964-இல் போய்ச் சேர்ந்த மனிதர், நாற்பது சொச்சம் வயது வாழ்வுதான். நாகஸ்வரத்தைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரியவேண்டியதில்லை. எனக்கு அன்று கிடைத்தது தவிலின் தொப்பிப் பக்கம். கழி விழுகிற அந்தக் கீழ்ச் சத்தம் நாற்காலி வழியாக முதுகில் வந்து நின்றது. இதே பதிவை முப்பது வருஷமாகக் கேட்டிருக்கிறேன், அதற்குள் இது இருந்தது எனக்குத் தெரியாது.

சரி, நான் கேட்க வந்தது இதுதான். வேலையில் திருப்தியாக இருந்தவர்களுக்கு ஓய்வு சுலபமா, கஷ்டமா? உங்கள் செட், உங்கள் தட்டுகள், கேசட்டுகள் பற்றியும் எழுதுங்கள்.

வண்ணார்பேட்டை வாத்தியார்

வணக்கம் அண்ணாச்சி. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். 58 வயதில் ஓய்வு என்று நினைத்து வேலைக்குச் சேர்ந்தவன். 2020-இல் 59 ஆக்கினார்கள், அடுத்த வருஷமே 60 ஆக்கினார்கள். கூட இருந்தவர்கள் சிலர் அலுத்துக்கொண்டார்கள், எனக்கு அந்த இரண்டு வருஷமும் பரிசு மாதிரி. இப்போது மே மாதத்தோடு முடிகிறது.

உண்மையைச் சொன்னால் பயமாக இருக்கிறது. காலை 9.20-க்கு மணி அடிக்கும்போது நான் எங்கே இருப்பேன் என்று யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. இசைக்கவையைத் தட்டி மேஜையில் வைத்ததும் மேஜையே பாடுவதைக் கேட்டுக் கடைசி பெஞ்சுப் பையன் நிமிர்ந்து பார்ப்பான் பாருங்கள், அதற்காக மட்டுமே இன்னும் பத்து வருஷம் போவேன்.

அப்பா வைத்திருந்த எச்எம்வி ஃபியஸ்டா ரெக்கார்டு பிளேயர் பரணில் இருக்கிறது, கூட 40 இசைத்தட்டுகள். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய 78 தட்டும் நாலைந்து உண்டு. இறக்கித் துடைத்து அப்படியே ஓடவிடலாமா?

அம்பை ரேடியோ செட்

சார், தயவுசெய்து அப்படியே ஓடவிடாதீர்கள். எங்கள் அப்பா ரேடியோ செட் வைத்திருந்தவர், சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோவில் கொடைத் திருவிழா என்றாலும் குழாய் ஸ்பீக்கரும் தட்டுமாக மாட்டுவண்டியில் போயிருக்கிறார். நான் அந்தப் பெட்டிகளுக்கு நடுவிலேயே வளர்ந்து ரிப்பேருக்கு வந்தவன், ஐம்பது தாண்டியும் இதே வேலைதான், ஓய்வு என்கிற பேச்சே எனக்கு இல்லை.

ஃபியஸ்டாவில் இருப்பது செராமிக் வகைக் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி பொருத்தியிருக்கும் சின்னப் பாகம். ஊசி தட்டின்மேல் நாலைந்து கிராம், சிலதில் அதற்கும் மேலே அழுத்தும். இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்றரை, இரண்டு கிராம்தான். நாற்பது வருஷம் பரணில் கிடந்த ஊசி முனை எப்படி இருக்கிறது என்று தெரியாமல் வைத்தால் பள்ளத்தை உழுதுவிடும், போன சத்தம் திரும்ப வராது. முதலில் ஊசியை மாற்றுங்கள். உள்ளே ரப்பர் சக்கரம் கல்லாக இறுகியிருக்கும், அதனால் பாட்டு அலையும்.

இன்னொன்று ரொம்ப முக்கியம். எல்பி தட்டை, அதாவது பிற்கால பிளாஸ்டிக் தட்டை, டிஸ்டில்டு வாட்டரில் துளி ஸ்பிரிட் கலந்து துடைக்கலாம். 78 தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. அது அரக்கில் செய்தது, ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று ஒருவர் துடைத்து மூன்று தட்டு குழம்பாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். 78-க்கு ஊசியும் வேறே, பள்ளம் அகலம் என்பதால் முனை நாலு மடங்கு தடிமனாக இருக்கவேண்டும்.

தென்காசிச் சாரல்

நான் வயதில் சின்னவன், மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். மாதம் நூற்றுச் சொச்சம் கட்டினால் கோடிக்கணக்கான பாட்டு போனில் வருகிறது, நல்ல ஹெட்போன் ஐயாயிரத்துக்குள் கிடைக்கிறது. தேய்கிற ஊசி, உருகுகிற பெல்ட், பூஞ்சை பிடிக்கிற உறை, இதையெல்லாம் அறுபது வயதில் எதற்காகச் சுமக்கவேண்டும்? அப்பாவும் இப்படித்தான் இரண்டு அலமாரி கேசட்டை விடமாட்டேன் என்கிறார். அவரிடம் கேட்டால் கோபப்படுகிறார்.

பொருநைக்கரை, பாளையங்கோட்டை

தம்பி, கேட்டது நல்லது. போனில் நானும் கேட்கிறேன், சிடி தரத்திலேயே வருகிறது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் என்னிடம் இருக்கும் 400 கேசட்டில் பாதிக்கு மேல் அங்கே கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்க் கொடைகளில் விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டை மேடைக்கு அடியில் உட்கார்ந்து பதிந்து வைத்திருக்கிறேன். பாடியவர்களில் பலர் இன்று இல்லை, அவர்கள் குரல் வேறு எந்த இடத்திலும் பதிவானதாக எனக்குத் தெரியவில்லை. மச்சினன் கல்யாணத்து ஊர்வல நாகஸ்வரம் இருக்கிறது. பேர் தெரியாத வித்வான், தேரடி முக்கில் நின்று முக்கால் மணி நேரம் தோடி வாசித்தார்.

இதையெல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். டேப் நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில்தான் ஓடும், அது ஓடுகிற வேகத்தில் நாமும் கூட இருந்தாகவேண்டும். ஒவ்வொரு கேசட்டும் ஒவ்வொரு டெக்கில் பதிந்தது என்பதால் டேப்பைப் படிக்கும் ஹெட் பக்கத்திலிருக்கும் சின்னத் திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று திருப்பிப் பார்க்கவேண்டும், சரியான இடம் வந்ததும் போர்வையை விலக்கினது மாதிரி சத்தம் தெளியும். அந்த நிமிஷத்தில் நான் மறுபடி ரேக்குகளுக்கு நடுவில் நடக்கிறேன். வேலையில் இருக்கும்போது இந்த ஒரு மணி நேரம் என்னிடம் இல்லை. இப்போது இருக்கிறது, ஓய்வு எனக்குக் கொடுத்தது இதைத்தான்.

உங்கள் அப்பாவிடம் ஏன் என்று கேட்காதீர்கள். எந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மழையில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தம்பி வீட்டில் வைத்திருந்த என் 60 தட்டுகள் தண்ணீரில் கிடந்தன. தட்டு பிழைத்துக்கொண்டது. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் நிற்கவைத்துக் காயவிட்டேன், இன்றும் பாடுகிறது. அட்டை உறைகள்தான் கூழாகிவிட்டன. கீழ்த்தட்டில் எதையும் வைக்காதீர்கள்.

மேலப்பாளையத்தான்

எல்லோருக்கும் சலாம். அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். வேலையில் திருப்தி என்று ஒன்று எனக்கு இருந்ததே இல்லை. 22 வருஷம் சவூதியில் ஸ்டோர் கீப்பர். சம்பளம் வந்தது, தங்கைகள் கல்யாணம் முடிந்தது, வீடு கட்டினோம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இந்த வேலைக்காகக் காலையில் எழுந்திருக்கவேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் என் நேரம் ஆரம்பித்தது. வேலையை நேசித்தவர்களுக்குத்தான் ஓய்வும் இனிக்கும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாகூர் ஹனிபா அண்ணன் பாட்டுக் கேசட் 70-க்கு மேல் வைத்திருக்கிறேன், எல்லாம் ஓடுகிறது. கேட்க வந்தது வேறே. அந்தக் காலத்தில் போன் காசு கட்டுப்படியாகாது, கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி ஊருக்குப் போகிற ஆள் கையில் கொடுத்துவிடுவோம், வீட்டிலிருந்தும் அப்படியே வரும். உம்மா பேசி அனுப்பிய ஒரு சி-60 கேசட் என்னிடம் இருக்கிறது. உம்மா மவுத்தாகி 19 வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் கேட்டதுதான், அப்புறம் போடவில்லை. போன மாதம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு டெக்கை எடுத்தால் பெல்ட் தார் மாதிரி உருகிச் சக்கரத்தில் ஒட்டியிருக்கிறது. வேறு டெக்கில் போடப் பயமாக இருக்கிறது. அறுந்துவிட்டால்?

அம்பை ரேடியோ செட்

பயம் நியாயமானது பாய். பெல்ட் உருகுவது நம் வெயிலில் எல்லா டெக்கிலும் நடப்பதுதான், ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் புது பெல்ட் மாட்டலாம், அது பெரிய வேலை இல்லை. கேசட்டைத்தான் பார்க்கவேண்டும்.

ஓடவிடாதீர்கள். முதலில் கேசட் வாயில் நடுவே ஒரு சின்னப் பஞ்சு இருக்கிறதா பாருங்கள், டேப்பை ஹெட்டோடு சேர்த்து அழுத்துவது அதுதான். பசை காய்ந்து பாதி கேசட்டில் அது விழுந்திருக்கும். கூடு ஒட்டினதா, நாலு மூலையிலும் ஸ்க்ரூ போட்டதா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் ஸ்க்ரூ போட்ட ஒரு நல்ல கேசட்டின் கூட்டைத் திறந்து, இந்த டேப் சுருள் இரண்டையும் அதில் மாற்றிவிடுவது உத்தமம். அப்புறம் பென்சிலை விட்டுக் கையாலேயே ஒரு முறை முழுக்கச் சுற்றுங்கள், ஒட்டியிருந்தால் கைக்குத் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது. முதல் தடவை ஓடும்போதே பதிவும் ஓடவேண்டும். கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பதியலாம் என்று நினைக்காதீர்கள்.

கல்லிடைக்காரி

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அண்ணாச்சி காதைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தார், படிக்கச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டில் காது வேறே கதை. என் வீட்டுக்காரர் நூற்பாலையில் 31 வருஷம் வேலை பார்த்தவர். வேலையென்றால் உயிர். நூலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டியே எத்தனாம் நம்பர் என்று சொல்லிவிடுவார். அந்த இயந்திரச் சத்தம் காதைக் கொண்டுபோய்விட்டது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் இருக்கலாம், 88 ஆனால் நாலு மணி நேரம்தான் என்று எங்களுக்குப் படித்துக்கொடுத்தார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காதில் வைக்கப் பஞ்சுகூட யாரும் கொடுக்கவில்லை.

மேல் சத்தங்கள்தான் முதலில் போகும். ச, த, க மாதிரி எழுத்துகள் அந்தச் சத்தத்தில்தான் இருக்கின்றன. அதனால் புதுப் பாட்டு அவருக்கு விளங்காது, யாரோ சுவருக்கு அப்பால் முனகுவது மாதிரி இருக்கிறது என்பார். மனப்பாடமான பழைய பாட்டு மட்டும் முழுசாகக் கேட்கும், விட்டுப்போன எழுத்தை மனசே போட்டு நிரப்பிக்கொள்கிறது. அதனால் வீட்டிலிருக்கும் பழைய 120 கேசட்தான் இப்போது அவருக்குப் பாட்டு. சாயந்திரம் ஐந்தரைக்குத் திண்ணையில் போட்டுவிடுவேன். வாய் அசைத்துக்கொண்டே கேட்பார்.

தம்பிமார்களே, ஸ்பீக்கர் வாங்கும் முன்னால் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அறுபதில் எல்லோருக்குமே மேல் சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கும், அது கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தால் மிச்சமும் போகும்.

முக்கூடல் கணக்கு

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். சுருக்கமாக ஒன்று மட்டும். மொத்தமாக வரும் பணத்தில் முதல் வருஷம் கை வைக்காதீர்கள் வாத்தியார் சார். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். செட் வாங்குவதை அந்த வட்டியிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு சாமான் என்று வாங்கினால் ஒவ்வொன்றையும் பழகிக் கேட்கவும் முடியும். நான் அப்படித்தான் ஒன்றரை வருஷத்தில் சேர்த்தேன்.

வண்ணார்பேட்டை வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. ஃபியஸ்டாவை இறக்கி அப்படியே வைத்திருக்கிறேன், ஊசிக்குச் சொல்லியாகிவிட்டது. அதற்குள் அண்ணாச்சி வீட்டு மாடிக்கு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன். காலை 5 மணிக்கே வரச் சொன்னார். ஏன் என்று போனபிறகுதான் புரிந்தது. அந்த நேரத்தில் ஃபேன் தேவையில்லை. சீலிங் ஃபேன் ஓடினால் இறக்கை காற்றோடு சத்தத்தையும் வெட்டுகிறது, நீண்டு நிற்கும் சுரம் எல்லாம் லேசாக நடுங்குகிறது. நிறுத்தியதும் அது அசையாமல் நின்றது.

கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. அவர் நாற்காலி அறைக்கு நட்டநடுவில் இருந்தது. அறை 12 அடி நீளம், அதாவது 3.66 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ். அந்தக் கீழ்ச் சத்தம் இரண்டு சுவருக்கும் நடுவில் நிலை அலையாக நிற்கும், சுவர் ஓரத்தில் அதிகமாகவும் நட்டநடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். பிளஸ் ஒன்னில் வருஷா வருஷம் நடத்துகிற அதே பாடம்தான். போனில் 47 ஹெர்ட்ஸ் ஒலியை உண்டாக்கி ஸ்பீக்கரில் ஓடவிட்டு அண்ணாச்சியை எழுந்து நடக்கச் சொன்னேன். சுவர் பக்கம் போனால் குமுறுகிறது, நடுவுக்கு வந்தால் காணோம். மூன்று தடவை நடந்து பார்த்தார். நாற்காலியை நாலு அடி சுவர்ப் பக்கம் தள்ளி, மறுபடி காருகுறிச்சியைப் போட்டோம். தவில் அறைக்குள் வந்துவிட்டது. முதல் நாளே தொப்பி முதுகில் வந்து நின்றது என்று எழுதியிருந்தாரே, அன்று நாற்காலி சுவர் ஓரமாகக் கிடந்ததாம், அப்புறம்தான் நடுவுக்கு மாற்றியிருக்கிறார்.

தரையில் பத்தமடைப் பாய் விரித்திருக்கிறார். பார்க்க அழகு, ஆனால் எதிரொலிக்கு அது மெல்லிசு. பின்சுவரில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தோம், கைதட்டினால் கணீரென்று திரும்பி வந்துகொண்டிருந்தது அடங்கிவிட்டது. கீழ்ச் சத்தத்தை மெத்தை ஒன்றும் செய்யாது, அதற்கு நாற்காலியை நகர்த்துவதுதான் வழி.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதரை. 9.20 தாண்டியதை நான் கவனிக்கவே இல்லை.

தென்காசிச் சாரல்

அப்பாவிடம் எந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சாப்பாடு ஆறிப்போகும் அளவுக்குப் பேசினார். ஒன்றில் நான் நாலு வயதில் திருக்குறள் சொல்கிறேனாம். டெக் ஒன்று வேண்டும், பெல்ட் மாற்றினதாகக் கிடைக்குமா அம்பை அண்ணாச்சி?

அம்பை ரேடியோ செட்

இருக்கிறது தம்பி. பெல்ட் மட்டும் இல்லை, டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை, பிஞ்ச் ரோலர், அதையும் மாற்றித் தருகிறேன், ஒரு வாரம் கொடுங்கள்.

மேலப்பாளையத்தான்

நேற்று வெள்ளிக்கிழமை பொருநைக்கரை அண்ணாச்சி மாடியில் வைத்து ஓடவிட்டோம். அம்பை அண்ணாச்சியே வந்து கூடு மாற்றினார். பஞ்சு விழுந்துதான் கிடந்தது. கையால் சுற்ற இருபது நிமிஷம் ஆயிற்று, ஓர் இடத்தில் ஒட்டியிருந்ததை அவர் விரல் நுனியால் பிரித்தார், நான் பார்க்கமுடியாமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் வெறும் இரைச்சல். அண்ணாச்சி அந்தத் திருகாணியைத் திருப்பினார், உம்மா பேசினார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று, பின்கட்டு முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது, சின்னவள் மாமியார் வீட்டிலிருந்து வந்துபோனாள், நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. நடுவில் யாரோ கதவைத் தட்ட, "இருங்க, மவனுக்குப் பேசிக்கிட்டிருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னார்கள். பின்னால் பக்கத்து வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. என் பழைய டெக்கில் அந்த ரேடியோ கேட்டதே இல்லை. தெருவில் தண்ணீர்க் குடம் வைக்கிற சத்தம்கூட இருக்கிறது.

ஏ பக்கம் முப்பது நிமிஷமும் பதிந்தாயிற்று. பி பக்கம் நேற்றே கேட்க என்னால் முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிறேன் அண்ணாச்சி, தங்கைகளையும் கூட்டி வரலாமா?

பொருநைக்கரை, பாளையங்கோட்டை

எல்லோரையும் கூட்டி வாருங்கள். இன்னும் மூன்று நாற்காலி மேலே ஏற்றி வைக்கிறேன், ஹெட்டையும் துடைத்து வைக்கிறேன்.